பலன் தராத மருந்துக்கும் பக்கம் ஒதுக்குங்கள்: நரம்பியல் ஆய்விதழ்களுக்கும் நிதிக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

நரம்பியல், மனநல ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கும், இத்துறை மருத்துவப் பரிசோதனைகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் தேர்வுக் குழுக்களுக்கும்

வணக்கம்.

எதிர்மறை முடிவுகளை, அதாவது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று காட்டும் முடிவுகளை, மதிக்க வேண்டும் என்று பேசாதவர்கள் இன்று யாரும் இல்லை. மாநாடுகளில் அதற்கெனத் தனி அமர்வு வைக்கிறார்கள். விலங்கு ஆய்வுகளில் கிடைத்த சிறந்த எதிர்மறைத் தரவுக்கு 10,000 யூரோ பரிசுகூட ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 'இந்த மருந்து பலன் தரவில்லை' என்று முடியும் கட்டுரை உங்கள் மேசைக்கு வந்தால் பெரும்பாலும் 'புதுமை போதாது' என்ற ஒற்றை வரியோடு திரும்பிப் போகிறது. பேச்சுக்கும் நடப்புக்கும் உள்ள இந்த இடைவெளிக்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்றே நினைக்கிறோம். எந்த எதிர்மறை முடிவு மதிப்புள்ளது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கும் அளவுகோல் உங்கள் படிவங்களில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

முதலில் இழப்பின் அளவு. 2008இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் அலசல், 12 மனச்சோர்வு மருந்துகள் தொடர்பாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவாகியிருந்த 74 பரிசோதனைகளை எடுத்துக்கொண்டது. நிர்வாகத்தின் கணிப்பில் பலன் காட்டியவை 38. அவற்றில் 37 அச்சேறின. பலன் காட்டாதவையும் ஐயத்துக்குரியவையும் சேர்த்து 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 பலன் கிடைத்தது போன்ற தொனியில் வெளிவந்தன, உள்ளது உள்ளபடி வந்தவை 3. ஆய்விதழ்களை மட்டும் படித்த மருத்துவரின் கண்ணுக்கு நூற்றுக்கு 94 பரிசோதனைகள் வென்றவை. நிர்வாகத்தின் கோப்புகளில் அந்த எண் 51. இதே முறையில் 4 புதிய மருந்துகளின் 30 பரிசோதனைகளை 2022இல் ஆராய்ந்தபோது, எதிர்மறையான 15இல் 7 நேர்மையாக வெளிவந்திருந்தன. முன்னேற்றம்தான். மீதி 8 இன்னும் ஒளிந்தோ நிறம் மாறியோ கிடக்கின்றன என்பதும் அதே கணக்குதான்.

இதைக் காட்டி 'எல்லா எதிர்மறை முடிவுகளையும் அச்சிடுங்கள்' என்று கேட்பது எளிது. நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. எல்லாப் பரிசோதனைகளின் முடிவும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆய்விதழின் பக்கமும் பரிசும் பதவி உயர்வுப் புள்ளியும் ஒரு கேள்விக்கு உண்மையிலேயே விடை சொன்ன பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். 'எதிர்மறை' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் சந்தைக்கு வருகின்றன. பலனில்லை என்று தெளிவாகக் காட்டியவை, எதையும் காட்டாதவை, பரிசோதனையே பழுதானவை.

முதல் இரண்டையும் பிரிக்க ஓர் எளிய கணக்குப் போதும். மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் (மருந்து போலவே தோன்றும் வெற்று மாத்திரை) இடையே 3 புள்ளி வித்தியாசமாவது இருந்தால்தான் நோயாளிக்குப் பயன் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். நோயாளிக்கு நோயாளி புள்ளிகள் சிதறும் அளவான திட்ட விலக்கம் 8 புள்ளி. பிரிவுக்கு 30 பேர் வைத்து ஒரு பரிசோதனை நடத்தி 1 புள்ளி வித்தியாசம் கிடைத்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) சுமார் -3.1 முதல் +5.1 வரை விரியும். மருந்து கெடுதல் செய்கிறது, ஒன்றும் செய்யவில்லை, நன்றாகவே வேலை செய்கிறது என்ற மூன்றும் அந்த இடைவெளிக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. பி மதிப்பு (மருந்தால் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தோன்றும் வாய்ப்பு) 0.05க்கு மேல் என்பதால் 'பலனில்லை' என்று இதற்குத் தலைப்பு வைப்பது தவறு. 'தெரியவில்லை' என்பதே சரியான தலைப்பு. இப்போது பிரிவுக்கு 250 பேர், வித்தியாசம் 0.5 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி சுமார் -0.9 முதல் +1.9 வரை சுருங்கிவிடும். 3 புள்ளி அதற்கு வெளியே நிற்கிறது. கதவு சாத்தப்பட்டது என்று சொல்ல இதற்குத்தான் உரிமை உண்டு. இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்திலும் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளரும் இரண்டையும் ஒன்றாகவே பாவிப்பார். நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனை (உண்மையில் பலன் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பை) 2013இல் ஒரு குழு கணக்கிட்டபோது இடைநிலை மதிப்பு வெறும் 21 சதவீதமாக வந்தது. அவ்வளவு மெலிந்த ஆய்வுகளில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றால் அதற்குப் பொருள் அதிகமில்லை. 'கிடைத்தது' என்றாலும் சந்தேகப்பட வேண்டியதுதான் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம். மனநலப் பரிசோதனைகளில் வழக்கமாக நடப்பது இது. சேர்க்கைக்கு ஹாமில்டன் அளவில் குறைந்தது 20 புள்ளி வேண்டும் என்று விதி இருக்கும். ஆள் சேர்க்கும் அழுத்தத்தில் 17, 18 எடுக்க வேண்டிய நோயாளிக்கு, புள்ளி போடும் மருத்துவப் பணியாளர் தன்னையறியாமல் 20, 21 போட்டுவிடுவார். சேர்க்கை முடிந்ததும் அந்த ஊதிப் பெருத்த புள்ளிகள் மருந்துப் பிரிவிலும் போலிப் பிரிவிலும் ஒரே வேகத்தில் வடியும். இரு பிரிவும் 'முன்னேறும்', வித்தியாசம் கரைந்துபோகும். இதைப் பிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு மையத்தின் சேர்க்கைப் புள்ளிகளையும் பரவல் வரைபடமாகப் போட்டால், வாசல் எண்ணான 20க்குச் சற்று மேலே ஒரு செங்குத்தான குவியல் தெரியும். அதற்குக் கீழே வெறுமையாக இருக்கும். எந்த வருகை, என்ன வாசல் எண் என்று தெரியாத, எந்த மையத்தையும் சாராத குழு ஒன்று தொலைவிலிருந்து மதிப்பிட்டால் குவியல் மறையும். அந்த வரைபடத்தைப் பின்னிணைப்பில் கேட்க உங்களுக்கு ஒரு வரி விதி போதும்.

இந்தச் சந்தேகங்களையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவிட்ட எதிர்மறை முடிவு எப்படி இருக்கும்? அப்ரெபிட்டன்ட் என்ற மருந்தின் கதை பொருத்தமானது. நரம்புகளிடையே செய்தி கடத்தும் 'பி பொருள்' (substance P) என்ற வேதிப்பொருள் செயல்படும் என்.கே.1 ஏற்பியை அடைத்தால் மனச்சோர்வு தணியும் என்று 1998இல் சயன்ஸ் இதழில் ஒரு பரிசோதனை சொன்னது. முற்றிலும் புதிய வழி என்பதால் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அதே மருந்தைப் பெரிய அளவில் சோதிக்கும் மூன்றாம் கட்டத்தில் ஐந்து பரிசோதனைகளில் பார்த்தார்கள். போலியை அது எதிலும் வெல்லவில்லை. 2006இல் வெளியான அந்த அறிக்கையின் பெருமை இரண்டு விவரங்களில் இருக்கிறது. மூன்று பரிசோதனைகளில் ஏற்கெனவே பலன் நிரூபணமான பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தையும் ஒரு பிரிவாக வைத்திருந்தார்கள். அது போலியை வென்றது. ஆக, பலன் இருந்தால் கண்டுபிடிக்கும் திறன் பரிசோதனைக்கு இருந்தது. கொடுத்த அளவில் மூளையின் என்.கே.1 ஏற்பிகள் நாள் முழுக்க ஏறக்குறைய முழுமையாக அடைபட்டிருந்தன என்பதும் தெரிந்திருந்தது. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய், செய்ய வேண்டியதைச் செய்தும் நோய் அசையவில்லை. தோற்றது மருந்தின் அளவோ அளவுகோலோ அல்ல, கருதுகோள்தான். இப்படி ஒரு கட்டுரை பின்னால் வருகிற பத்துக் குழுக்களின் காலத்தை மிச்சப்படுத்தும். பராக்செட்டினும் போலியை வெல்லாமல் போயிருந்தால் அது வேறு சமாச்சாரம். தோற்றது பரிசோதனை என்று எழுதி, ஏன் தோற்றது என்று தேடியிருக்க வேண்டியதுதான்.

எதிர்மறை முடிவின் விவரங்கள் பின்னால் வந்த வெற்றிக்குப் பொருள் தந்ததற்குப் பக்கவாத சிகிச்சையைவிடச் சிறந்த சான்று எங்களுக்குத் தெரியவில்லை. அடைபட்ட மூளைத் தமனிக்குள் குழாய் செலுத்தி இரத்தக் கட்டியை எடுக்கும் முறை பற்றி 2013இல் மூன்று பரிசோதனைகள் ஒரே சமயத்தில் வெளியாயின; மூன்றும் எதிர்மறை. அவற்றில் பெரியதான 'ஐ.எம்.எஸ். 3' என்ற பரிசோதனை 656 நோயாளிகளோடு நிறுத்தப்பட்டது. 90ஆம் நாளில் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் குழாய்ப் பிரிவில் 40.8 சதவீதம், கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 38.7 சதவீதம். முறையே செல்லாது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரை யாருக்கு என்ன செய்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தது. பெரிய தமனி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் தொடக்கத்தில் பாதிப் பேருக்குக்கூட எடுக்கப்படவில்லை. ஆக, எடுப்பதற்குக் கட்டியே இல்லாதவர்களும் உள்ளே இருந்தார்கள். கட்டியைப் பிடித்திழுக்கும் புதிய வலைக்குழாய் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே பயன்பட்டது. நேர இழப்பும் இருந்தது. அடுத்து முடிவு வந்த பரிசோதனைகளில் இந்த ஓட்டைகள் அடைபட்டிருந்தன. 2015 ஜனவரியில் வெளியான 'மிஸ்டர் கிளீன்' என்ற பரிசோதனை, பெரிய தமனி அடைப்பைப் படத்தில் உறுதி செய்த 500 பேரை மட்டுமே சேர்த்தது. குழாய்ப் பிரிவில் பத்தில் எட்டுப் பேருக்குப் புதிய வலைக்குழாய். பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் 32.6 சதவீதம், மறுபக்கம் 19.1 சதவீதம். அதே ஆண்டில் மேலும் நான்கு பரிசோதனைகள் அதையே உறுதி செய்தன. 2013இன் கட்டுரைகள் வெறும் 'வேறுபாடு இல்லை' என்று இரண்டு பக்கத்தில் முடிந்திருந்தால், எந்த ஓட்டையை அடைத்ததால் முடிவு மாறியது என்றே தெரிந்திருக்காது.

அல்சைமர் ஆய்வும் இதே பாடத்தைக் கற்றது. பாபினியூசுமாப் என்ற மருந்து தோற்ற பரிசோதனைகளில் பெட் (PET) ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தவர்களில், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.4 மரபணு இல்லாத பிரிவில் மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் அமிலாய்டு என்ற புரதப் படிவமே இருக்கவில்லை. அமிலாய்டை அகற்றும் மருந்தை அமிலாய்டு இல்லாதவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அந்தத் தோல்வி அச்சேறியதால்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு வந்த பரிசோதனைகள் சேர்க்கையின்போதே படிவத்தை உறுதி செய்யத் தொடங்கின.

சில சமயம் எதிர்மறை முடிவு உயிர் காக்கும். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. சிறு பரிசோதனைகள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடந்தன. கிராஷ் பரிசோதனை 10,008 பேரைச் சேர்த்த நிலையில் 2004இல் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டுப் பிரிவில் 21.1 சதவீதம், போலிப் பிரிவில் 17.9 சதவீதம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோய்க்கு மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எலிகளில் நம்பிக்கை தந்தது. 412 பேரிடம் நடந்த பரிசோதனை 2007இல் வெளியானபோது, மருந்து எடுத்தவர்களின் செயல்திறன் மாதத்துக்கு 1.30 புள்ளி குறைந்தது, எடுக்காதவர்களுக்கு 1.04. வேகமாக மோசமாக்கியது மருந்து.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை.

ஆசிரியர்களே, முடிவைப் பார்க்காமல் முடிவெடுக்கப் பழகுங்கள். பதிவு செய்த அறிக்கை முறை 2013இல் கார்டெக்ஸ் இதழில் தொடங்கியது. ஆய்வுத் திட்டத்தை ஆள் சேர்க்கும் முன்பே மதிப்பிட்டு, 'திட்டப்படி நடத்தினால் முடிவு எதுவானாலும் அச்சிடுவோம்' என்று உறுதி தருவார்கள். உளவியலில் 2021இல் ஒப்பிட்டபோது வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் கருதுகோளை ஆதரித்தன. பதிவு செய்த அறிக்கைகளில் 44 சதவீதம்தான். மருத்துவப் பரிசோதனைக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நிதிக் குழு, நெறிமுறைக் குழு, பதிவேடு என்று மூன்று வாசல்களைக் கடந்து வந்த திட்டத்தை நான்காவதாக ஆய்விதழும் பல மாதம் உருட்டினால் மருந்துப் புட்டிகள் காலாவதியாகிவிடும். நிதிக் குழுவின் மதிப்பீட்டு அறிக்கையையே ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு, கூடுதலாகப் புள்ளியியலாளர் ஒருவரின் கருத்தை மட்டும் கேட்டால் போதும். ஏற்கெனவே முடிந்த பரிசோதனைகளுக்கு இன்னும் எளிய வழி: முன்னுரை, முறை, மாதிரி அளவுக் கணக்கு ஆகிய மூன்றை மட்டும் முதல் சுற்றில் மதிப்பீட்டாளருக்கு அனுப்புங்கள்; தகுதி உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு முடிவைத் திறங்கள்.

அடுத்தது பூசி மெழுகுதல். பலனைத் தீர்மானிக்க முன்கூட்டியே குறித்த முதன்மை அளவீட்டில் பலன் காட்டாத 72 பரிசோதனைகளை 2010இல் அலசியபோது, 58.3 சதவீதத்தில் சுருக்கத்தின் முடிவுரையே திரிக்கப்பட்டிருந்தது; தலைப்பிலேயே திரித்தவை 18 சதவீதம். பெரும்பாலும் ஒரே உத்திதான். முதன்மை அளவீடு கைவிட்டதும் துணை அளவீடோ ஒரு உட்பிரிவோ முன்வாசலுக்கு வந்துவிடும். சுருக்கத்தின் முடிவுப் பகுதியில் முதல் வாக்கியம் பதிவேட்டில் உள்ள முதன்மை அளவீடாகவும், எண்ணும் நம்பிக்கை இடைவெளியும் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பதிவேட்டுப் பக்கத்தின் மாற்ற வரலாற்றை ஆசிரியர் அலுவலகத்தில் ஒருவர் பத்து நிமிடம் பார்த்தால், அளவீடு எப்போது மாறியது என்று தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை மதிப்பீட்டாளர் தலையில் கட்டாதீர்கள். அவர் பார்க்க மாட்டார்.

எதிர்மறை முடிவுகளுக்கெனத் தனி இதழ் தொடங்கும் யோசனை மட்டும் வேண்டாம். 2002இல் அப்படித் தொடங்கிய உயிர்மருத்துவ இதழ் ஒன்று 2017இல் மூடப்பட்டது. முதலில் ஒரு மருந்து பலன் தரும் என்று எந்த இதழ் எழுதியதோ, அதன் பக்கத்தில்தான் மறுப்பும் வர வேண்டும். படித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

நிதிக் குழுவினரே, உங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பாதியில் நின்றுபோகும் பரிசோதனைகள். இடைக்கால ஆய்வில் 'இனித் தொடர்ந்தும் பயனில்லை' என்று கண்காணிப்புக் குழு சொன்ன மறுநாளே சரிவு தொடங்கும். மருந்து விநியோகம் நிற்கும், மையங்கள் மூடும், ஒப்பந்தப் பணியாளர்கள் அடுத்த வேலைக்குப் போவார்கள். கடைசி வருகைக்கு நோயாளியை அழைக்க ஆள் இருக்காது. சில மையங்கள் யாருக்கு எது கொடுத்தோம் என்ற உறையைக் கடைசி மதிப்பீட்டுக்கு முன்பே பிரித்துவிடும். அதன்பின் எடுத்த புள்ளிகளுக்கு மதிப்பில்லை. தரவை இறுதி செய்து பூட்டும்போது, அலசல் திட்டத்தை எழுதிய புள்ளியியலாளர் வேறு திட்டத்தில் இருப்பார். கட்டுரை வராமல் போவதற்கு ஒளிப்பதைவிட இந்தச் சிதறலே பல நேரம் காரணம்.

எனவே நிதி ஒதுக்கும்போதே 'முடிப்புச் செலவு' என்று தனி வரி சேருங்கள். நிறுத்தம் அறிவித்த பின் ஆறு மாதத்துக்கு ஒரு தரவு மேலாளர் முழு நேரம், ஒரு புள்ளியியலாளர் அரை நேரம், எஞ்சிய நோயாளிகளின் இறுதி வருகைக்கான செலவு, தரவைச் சேமக்கிடங்கில் வைக்கும் கட்டணம். மொத்த நிதியில் பத்தில் ஒரு பங்கை, பதிவேட்டில் முடிவு ஏறியதும் கட்டுரையின் முன்வரைவு பொதுவில் வந்ததும் மட்டுமே விடுவியுங்கள். முதன்மைத் தரவு முடிந்த 12 மாதத்தில் பதிவேட்டிலும் 24 மாதத்தில் ஆய்விதழிலும் முடிவு வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது. எதிர்மறை முடிவுகளையும் தெளிவாகாத முடிவுகளையும் வெளியிட்டே ஆக வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 திருத்தம் சொன்னது. விதி இருக்கிறது. கெடு தாண்டியவர் அடுத்த விண்ணப்பத்தோடு வரும்போது அதைப் பற்றிக் கேட்பவர் இல்லை.

பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எதிர்மறை' என்பதற்காக மட்டும் பரிசு கொடுத்தால் மெலிந்த ஆய்வுகள் வரிசையில் நிற்கும். நாங்கள் நடுவராக இருந்தால் இவற்றைக் கேட்போம். யாராவது உண்மையிலேயே நம்பிய கருதுகோளா, அல்லது யாரும் நம்பாத வைக்கோல் பொம்மையா? நோயாளிக்குப் பயன்படும் மிகச் சிறிய வித்தியாசம் எவ்வளவு என்று தரவுக்கு முன்பே எழுதி வைத்தார்களா, நம்பிக்கை இடைவெளி அதை விலக்குகிறதா? மருந்து மூளைக்குள் போனதற்குத் தண்டுவட நீரோ பெட் படமோ சான்று இருக்கிறதா? உளவியல் சிகிச்சை என்றால் அமர்வுகள் கையேட்டின்படி நடந்ததற்குப் பதிவு உண்டா? பலன் நிரூபணமான ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா? தனிநபர் அடையாளம் நீக்கிய தரவை மற்றவர்கள் எடுத்துப் பார்க்க முடியுமா? ஆறில் நான்குக்கு 'ஆம்' என்றால் அது பரிசுக்குரியது. நம்பிக்கை இடைவெளிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் மற்ற ஐந்தும் இருந்தாலும் நாங்கள் கொடுக்க மாட்டோம்.

தொடக்கமாக ஒன்று செய்யுங்கள். அடுத்த ஆண்டின் முதல் இதழில் நான்கு எண்களை அச்சிடுங்கள்: கடந்த ஆண்டு உங்களுக்கு வந்த மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளில் முதன்மை அளவீட்டில் பலன் காட்டியவை எத்தனை, அவற்றில் ஏற்றவை எத்தனை, காட்டாதவை எத்தனை, அவற்றில் ஏற்றவை எத்தனை. நிதி அமைப்புகள், தாங்கள் நிதி கொடுத்து 24 மாதக் கெடு தாண்டியும் முடிவு வராத பரிசோதனைகளின் பட்டியலைத் தங்கள் தளத்தில் போடட்டும். இரண்டுக்கும் தேவையான தரவு உங்கள் அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
நரம்பியல், மனநல மருத்துவப் பரிசோதனைகளில் பணிபுரியும் மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள், தரவு மேலாளர்கள்